பத்து நாள் வாடகையும் ஒன்றரை முடிச்சும்

கோணப்புளியூர்த் தொப்பளான் மேஸ்திரியின் பந்தல் கோஷ்டியைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்களை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு ஓடியது.

கோஷ்டியில் நாலு பேர். யோசிப்பது மேஸ்திரி. அவர் யோசித்ததைத் திருப்பிச் சொல்வது சடையாண்டி. அதில் சந்தேகம் கேட்பது மொக்கையன். இந்த மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது வேலையைப் பார்ப்பது பெத்தணன். சொன்ன சொல் தவறாதவர்கள். ஒரு கல்யாண வீட்டில், "வெயிலே தெரியக்கூடாது, அப்படிப் பந்தல் போடுங்க" என்றார்கள். பொழுது சாய்ந்ததும் போட்டு, விடிவதற்குள் பிரித்துவிட்டார்கள். வெயிலுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இன்னொரு வீட்டில், "வாசல்ல வாழைமரம் கட்டுங்கப்பா" என்றார்கள். நட்ட நடு வாசலில் ரெண்டு மரத்தைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். மாப்பிள்ளை மாட்டுத்தொழுவம் வழியாக உள்ளே வந்தார். அவர்கள் வேலையில் சொத்தை என்று யாரும் சொன்னதில்லை. அந்த வாழைமரத்தை அவிழ்க்க முடியாமல் அரிவாள் வைத்து வெட்ட வேண்டியிருந்தது.

பெத்தணனுக்கு முப்பத்தாறு வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் தயாராக இருந்தாள். பெண்ணைப் பெற்றவர்தான் தயாராக இல்லை.

பெண் பெயர் வெள்ளைத்தாய். அப்பா கருத்தப்பாண்டி, பக்கத்து ஊரில் டீக்கடை வைத்திருக்கிறவர். கடைக்கு முன்னால் கொட்டகை போடப் பெத்தணன் போயிருந்த அன்றைக்கு, அவர் அவசரமாக வெளியே கிளம்பும்போது, "கல்லாவைக் கொஞ்சம் பார்த்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெத்தணன் கல்லாவைப் பார்த்தான். கண் இமைக்காமல் பார்த்தான். வந்தவர்கள் டீ குடித்தார்கள், வடையை எடுத்துக்கொண்டார்கள், காசு கொடுக்காமல் போனார்கள். பெத்தணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளைத்தாய் சமையற்கட்டுக்குள் போய்க் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது. கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

மகள் பிடிவாதத்துக்குப் பயந்து கருத்தப்பாண்டி ஒரு வழிக்கு வந்தார். பெத்தணனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இங்க பாரு, ஊர் ஊராப் பந்தல்ல படுத்துக் கிடக்குறவனுக்கு எம்பொண்ணைத் தரமாட்டேன். டவுன்ல ஒரு வீடு பிடி. வர்ற ஒண்ணாந்தேதி காலைல எட்டு மணி பஸ்ஸுக்கு வந்து பார்ப்பேன். நான் வரும்போது நீ வீட்டுக்குள்ள இருக்கணும். இருந்தா பொண்ணு உனக்கு. இல்லேன்னா அன்னிக்குச் சாயங்காலமே செங்கச் சூளைக்காரர் மகனுக்கு வெத்தலை பாக்கு மாத்திருவேன்."

பெத்தணனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மேஸ்திரி அவன் முதுகில் தட்டி, "நாங்க மூணு பேர் இருக்கோம்ல, ஏன் பயப்படுறே?" என்றார். பயப்பட வேண்டியது அதற்குத்தான் என்று அவனுக்குத் தெரியாது.

நாலு பேரும் மேலக்கடையூர் டவுனுக்குப் போய் அலைந்தார்கள். இருபத்தொன்றாம் தேதி காலையில் ஒரு வீடு அமைந்தது. சின்ன ஓட்டு வீடு. வீட்டுக்காரி காந்திமதியம்மாள் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தாள். கறார் பேர்வழி, ஆனால் நியாயஸ்தி.

"வாடகை மூவாயிரம். மாசத்துல இருபது நாள் ஓடிப்போச்சு. முழு மாச வாடகை கேட்டா என் மனசுக்கு ஒப்பாது. இருக்கிற நாளுக்குக் கொடுத்தாப் போதும். மாசத்துக்கு முப்பது நாள்னு வச்சா, நாளைக்கு நூறு ரூபா. பத்து நாளைக்கு ஆயிரம். ஒண்ணாந்தேதி குடுத்துருங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. சாவியைக் கொடுத்துவிட்டு அவள் ரேஷன் கடைக்குக் கிளம்பிப் போனாள். நாலு பேரும் பூட்டிய கதவுக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, ஒரு சந்தேகம்" என்றான் மொக்கையன். "இந்த மாசத்துக்கு முப்பத்தோரு நாளாச்சே. அந்தம்மா முப்பதுன்னுதானே சொல்லுச்சு?"

மேஸ்திரி கண்ணை மூடினார். அவர் யோசிக்கும்போது மற்றவர்கள் மூச்சு விடும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

"மாசம்னா முப்பது நாள். அதை வீட்டுக்காரம்மாவே சொல்லிருச்சு. அப்ப முப்பத்தொண்ணாந்தேதி மாசத்துல சேர்த்தி இல்லை. கத்திரிக்கா வாங்கினா மேல கொசுறு கறிவேப்பிலை போடுவாகல்ல, அது மாதிரி."

"கொசுறு" என்றான் சடையாண்டி.

"கறிவேப்பிலைக்குக் காசு உண்டா?"

"கிடையாது."

"அப்ப முப்பத்தொண்ணாந்தேதிக்கு வாடகை கிடையாது."

மூவரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். மேஸ்திரி அதோடு நிற்கவில்லை. "இன்னொண்ணும் சொல்லுச்சு. இருக்கிற நாளுக்குக் கொடுத்தாப் போதும்னுச்சு. அப்ப இல்லாத நாளுக்கு?"

"வேண்டாம்" என்றான் சடையாண்டி.

"அப்புறம் எதுக்குப்பா இருக்கணும்? முப்பதாந்தேதி வரைக்கும் வெளிய இருப்போம். முப்பத்தொண்ணாந்தேதி கொசுறு நாள், அன்னிக்கு ஓசியில உள்ள போயிருவோம். மறுநாள் மாமனார் வந்து பார்ப்பாரு. அந்த ஒரு நாளைக்கு நூறு ரூபா. அதைக் கல்யாணச் செலவுல சேர்த்துக்கலாம்."

பெத்தணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணே, அந்த ஆயிரத்துக்கு எங்கிட்டப் பணம் இருக்கு. பேசாம உள்ளயே இருந்துருவோமே."

"வீடு பிடிச்சவனெல்லாம் வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருந்தா எப்படிடா முன்னேறுவான்?" என்று மேஸ்திரி அதட்டினார்.

வெளியே இருப்பது என்று முடிவானதும் எங்கே இருப்பது என்ற கேள்வி வந்தது. பந்தல்காரனுக்கு அது ஒரு கேள்வியா? வீட்டு வாசலிலேயே தெருவை அடைத்து ஒரு பந்தல் போட்டார்கள். பந்தல் என்று போட்டால் நாற்காலி போட வேண்டும், இல்லாவிட்டால் தொழில் குத்தம். வரிசையாக முப்பது நாற்காலி போட்டார்கள். முதல் வரிசையில் நாலு பேரும் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, வாடகையைப் பற்றிக் கவலையோடு யோசித்தார்கள்.

வாழைமரம் இல்லை, மாவிலை இல்லை, திடீரென்று ஒரு பந்தல், கன்னத்தில் கை வைத்த ஆண்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மொக்கையன் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"எப்போ?" என்றார் மெதுவாக.

"இன்னிக்குக் காலைலதான்" என்றான் மொக்கையன்.

"திடீர்னா?"

"ஆமாங்க. நாங்களே எதிர்பார்க்கலை."

"எப்ப எடுக்குறீங்க?"

மொக்கையன் பந்தலை நிமிர்ந்து பார்த்தான். "ஒண்ணாந்தேதிக்கு எடுத்துருவோம்."

"பத்து நாள் வச்சிருப்பீங்களா!"

"வச்சிருந்தாத்தாங்க நமக்கு லாபம்."

எதிர்வீட்டுக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். ஆனால் சேதி பரவிவிட்டது. மத்தியானத்துக்குள் முப்பது நாற்காலியும் நிறைந்தன. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். யாரோ மாலை வாங்கி வந்தார்கள். தப்படிக்கிறவர்கள் ரெண்டு பேர் தாங்களாகவே வந்து, வைக்கோல் கொளுத்தித் தோலைக் காயவைத்தார்கள். காலையிலிருந்து வீடு பூட்டிக் கிடந்ததாலும் ஆளைக் காணாததாலும், போனது காந்திமதியம்மாள்தான் என்று தெரு ஒருமனதாக முடிவு செய்திருந்தது.

காந்திமதியம்மாள் ரேஷன் கடையிலிருந்து சீனியும் பருப்புமாக வந்தாள். நம்ம வாசலில் இவ்வளவு கூட்டமா என்று பதறினாள். துக்க வீட்டில் துருவிக் கேட்பது அழகில்லை என்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லோரும் அழுததால் முந்தானையை எடுத்து அவளும் கொஞ்சம் அழுதாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம், "யாரு ஆத்தா போனது?" என்று கேட்டாள்.

"நம்ம காந்திமதியக்காதான். தங்கமான மனுசி. வாய்தான் கொஞ்சம் நீளம்."

காந்திமதியம்மாள் இன்னும் ரெண்டு விசும்பல் விசும்பிவிட்டு நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. பந்தல் கால்மணி நேரத்தில் பிரிக்கப்பட்டது என்பதும், தப்படிக்கிறவர்கள் வந்ததுக்குக் கூலி கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பதும் போதும். நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்துக் காந்திமதியம்மாள் ஒரு சட்டம் போட்டாள்.

"நீங்க உள்ள கிடந்தா எனக்கென்ன, வெளிய கிடந்தா எனக்கென்ன? என் வீட்டுச் சாவி உங்க கையில இருக்கிற நாளெல்லாம் வாடகைதான். தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று நாலு பேரும் தலையாட்டினார்கள். தெருமுனைக்குப் போய் மறுபடி வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"சாவி கையில இருந்தாத்தான் வாடகை" என்றார் மேஸ்திரி.

"கையில இருந்தாத்தான்" என்றான் சடையாண்டி. "அண்ணே, நான் அரைஞாண் கயித்துல கட்டிக்கிறேன். இடுப்பு கை இல்லையே."

"நடக்கும்போது கை இடுப்புல படுமே. பட்டா அன்னிக்கு நூறு ரூபா போச்சே" என்றான் மொக்கையன்.

"யாருகிட்டயாவது குடுத்து வைப்போம்."

"அவன் கையில இருந்தா அவன் வாடகை கேட்டு நம்மகிட்டத்தானே வருவான்?"

இது நியாயமான சந்தேகம். மேஸ்திரி கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு கிடா நின்றது. அது கருப்பசாமிக்கு நேர்ந்து விட்ட கிடா. அப்படி விட்ட கிடாவுக்குச் சொந்தக்காரர் கிடையாது. கட்டிப்போட மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள், சாமி கிடா என்று யாரும் கை வைக்க மாட்டார்கள். அது பாட்டுக்கு ஊர் சுற்றிக் கிடைத்ததைத் தின்னும்.

"இதுக்குக் கை இருக்கா?" என்றார் மேஸ்திரி.

"இல்லை. நாலும் காலு" என்றான் சடையாண்டி.

ஒரு துண்டுக் கயிற்றில் சாவியைக் கோத்து, கும்பிட்டுவிட்டு, கிடாவின் கழுத்தில் கட்டினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து வாடகை கருப்பசாமி பாடு. அவர்கள் நிம்மதியாகச் சந்தைக் கொட்டகைக்குப் படுக்கப் போனார்கள். பெத்தணன் மட்டும் கிடா போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தொன்றாம் தேதி விடிந்தது. கொசுறு நாளை ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது என்று விடியற்காலையிலேயே கிடாவைத் தேடிப் போனார்கள். மார்க்கெட்டில் கீரைக்கட்டு ஒன்றை மென்றுகொண்டு நின்றது. கழுத்தில் சாவியும் இருந்தது. ஆனால் சாமி கிடாவைப் பிடித்து இழுக்க முடியுமா? மேஸ்திரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, சாவி" என்று பணிவாகக் கேட்டார். கிடா நடந்தது. நாலு பேரும் கைகூப்பியபடி பின்னால் நடந்தார்கள்.

"கட்டும்போது கழுத்தைத் தொட்டோமே அண்ணே?" என்றான் பெத்தணன்.

"அது குடுக்கிறது. சாமிக்கு யாரும் குடுக்கலாம். எடுத்தாத்தான் குத்தம்."

நாலு பேர் கைகூப்பிக்கொண்டு கிடா பின்னால் போவதைப் பார்த்து, என்னமோ விசேஷம் என்று ஜனங்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு தெருவில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். இன்னொரு தெருவில் சூடம் காட்டினார்கள். கிடாவுக்கும் இந்த மரியாதை பிடித்துப்போய், நிற்காமல் நடந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு வாழைத்தோப்புக்குள் புகுந்து, அடுத்த ஊர்ப் பக்கம் போய்விட்டது. வாடகையில்லாத நாள் அதோடு முடிந்தது.

சடையாண்டி வரப்பில் உட்கார்ந்து அழுதான். "வருஷத்துக்கு ஏழு நாள்தானே அண்ணே இப்படிக் கிடைக்கும்!"

பெத்தணன் அழவில்லை. எழுந்து டவுன் பக்கம் நடந்தான்.

ஒன்றாம் தேதி. எட்டு மணி பஸ் வந்து நிற்கும் சத்தம் தெருமுனையில் கேட்டது. வீடு பூட்டிக் கிடந்தது. மேஸ்திரி கண்ணை மூடி யோசிக்கத் தொடங்கினார். பெத்தணன் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது முதல் தடவை. சவுக்குக் கம்பைச் சுவரில் சாய்த்து, விறுவிறுவென்று ஏறி, ஓட்டைப் பிரித்து, உள்ளே குதித்துவிட்டான்.

கருத்தப்பாண்டி வந்தார். கூடவே வெள்ளைத்தாயும் வந்திருந்தாள். கதவில் தொங்கிய பூட்டைக் கருத்தப்பாண்டி தூக்கிப் பார்த்தார்.

"எங்கே உங்காளு?"

"உள்ளதான் இருக்கேன் மாமா!" என்று வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"வெளிய பூட்டியிருக்கே?"

"டவுன்ல வாசல் மேல இருக்கும்" என்றார் மேஸ்திரி, கூரையைக் காட்டி. "கீழ இருக்கிறது சும்மா அழகுக்கு."

கருத்தப்பாண்டி கூரையைப் பார்த்தார். ஓட்டை நன்றாகத் தெரிந்தது. காற்றோட்டமாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார். அவருடைய கடைக் கல்லாவை ஒருத்தன் நாள்பூராவும் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கோபப்பட்ட மனிதர்தான். ஆனால் டவுன் வழக்கம் தெரியாதவர் என்று பேர் எடுக்க அவருக்கு இஷ்டமில்லை. ஏணி வைத்து அவரைக் கூரைக்கு ஏற்றி, இடுப்பில் பந்தல் கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். வெள்ளைத்தாய் தெருவிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பூட்டிய வீட்டுக்குள் ஆள் சத்தம் கேட்டுக் காந்திமதியம்மாள் இன்னொரு சாவியோடு வந்து கதவைத் திறந்தாள். ஆமாம், அவளிடம் இன்னொரு சாவி இருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

"பத்து நாள் வாடகை ஆயிரம். ஓட்டுக்கு இருநூறு" என்றாள்.

மேஸ்திரி முன்னால் வந்து தன் கணக்கைச் சொன்னார். இல்லாத நாள், கையில் சாவி இல்லாத நாள், மாசத்தில் சேராத நாள் என்று எல்லாவற்றையும் கழித்தார். கடைசியில் காந்திமதியம்மாள் தங்களுக்கு ஏதாவது தர வேண்டியிருக்குமோ என்ற சந்தேகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

காந்திமதியம்மாளுக்குத் தலை சுற்றியது. முதலிலிருந்து மறுபடி சொன்னாள். மாசம் பாதியில் வந்தால் முழு வாடகை கிடையாது, மிச்சமிருக்கிற நாளுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் என்று மூன்று தடவை சொன்னாள். மேஸ்திரிக்குப் புரியவில்லை. கருத்தப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. அவர் பிரமித்துப்போனார்.

"மிச்ச நாளுக்கு மட்டும் வாங்குவீகளா? என்ன நியாயம்! என்ன நியாயம்! எங்கடையில டீயில ஈ விழுந்து பாதியோட வச்சுட்டுப் போறவங்கிட்டக்கூட நான் முழுக்காசு வாங்குறேனே!"

இதற்குள் பெத்தணன் மடியை அவிழ்த்துப் பணத்தை எடுத்துக் காந்திமதியம்மாளிடம் நீட்டினான். "ஓட்டுக்கும் சேர்த்து எடுத்துக்கங்கம்மா. சாவியை எங்கையில குடுத்துருங்க. ஒவ்வொரு நாளும் எங்கையிலயே இருக்கட்டும். வாடகை ஆனா ஆகட்டும். வெள்ளைத்தாய் வந்து இருக்கப்போற வீடு."

சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் நிறுத்தினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். கருத்தப்பாண்டி அங்கேயே வெற்றிலை பாக்கை மாற்றிக்கொண்டார். அந்த மாதம் பதினாறாம் தேதி முகூர்த்தம்.

கல்யாணப் பந்தலை நம் கோஷ்டியே போட்டது. யாரும் எதுவும் சொல்லாததால் நன்றாகவே அமைந்தது. மேளம் முழங்கியது. பெத்தணன் தாலிக்கயிற்றை வெள்ளைத்தாய் கழுத்தில் போட்டு, முதல் முடிச்சைப் போட்டான். இரண்டாம் முடிச்சுக்குக் கயிற்றை எடுத்தபோது கருத்தப்பாண்டி கையைத் தூக்கினார்.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க! இன்னிக்குத் தேதி பதினாறு. மாசத்துக்கு முப்பது நாள். பாதி மாசம் ஓடிருச்சு. முழு மாசத்துக்கு மூணு முடிச்சுன்னா, மிச்ச நாளுக்கு எவ்வளவு? ஒருத்தர்கிட்டக் கூடுதலா வாங்குறது பாவம்னு அந்தம்மாகிட்டக் கத்துக்கிட்டேன். ஒண்ணரை முடிச்சு போட்டாப் போதும்."

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த காந்திமதியம்மாள், "ஐயோ, நான் வீட்டுக்குச் சொன்னேன்யா!" என்று கத்தினாள். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முகூர்த்தம் தாண்டக் கூடாது என்று மேளக்காரர்கள் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மணவறைக்குப் பின்னால் கோஷ்டி கூடியது.

"ஒண்ணு சரி. அரை முடிச்சு எப்படி அண்ணே போடுறது?" என்றான் மொக்கையன்.

"நம்ம தொழில்ல போடாத முடிச்சா? கயித்தைச் சுத்தி, இழுத்து இறுக்காம அப்படியே விட்டா அது அரை முடிச்சு."

"விட்டா அவுந்துருமே."

"அப்ப விடாமப் பிடிச்சுக்கணும்."

"எதுவரைக்கும்?"

"ஒண்ணாந்தேதி வரைக்கும். அன்னிக்குப் புது மாசம். மிச்சத்தை இறுக்கிருவோம்."

பெத்தணன் சந்தோஷமாகச் சம்மதித்தான். பாதி சுற்றிய கயிற்றை வெள்ளைத்தாயின் பிடரியில் வலது கையால் பிடித்துக்கொண்டான். அப்படியே மணவறையைச் சுற்றினார்கள். அப்படியே டவுன் பஸ் ஏறினார்கள்.

அடுத்த பதினைந்து நாளும் அவன் கையை எடுக்கவில்லை. அவள் அடுப்பில் சோறு வடித்தால் இவன் பின்னால் நின்றான். அவள் கோலம் போடக் குனிந்தால் இவனும் குனிந்தான். வலது கை முடிச்சில் இருந்ததால் அவள்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். அவள் குளிக்கப் போனால் தட்டிக்கு வெளியே நின்று, கையை மட்டும் மேலே நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டான். தெருப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். "பாருங்க, கட்டின நாள்லேருந்து அவ தோள்லேருந்து கை எடுக்கலை. நீங்களும் இருக்கீகளே." அந்தத் தெருவில் பல வீடுகளில் சண்டை வந்தது.

புது மாசம் ஒன்றாம் தேதி பிறந்தது. கருத்தப்பாண்டி மேளத்தோடு எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். மேஸ்திரி, சடையாண்டி, மொக்கையன் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். காந்திமதியம்மாளும் வந்து கதவோரம் நின்றாள்.

"ம், இறுக்கு" என்றார் மேஸ்திரி.

பெத்தணன் இழுத்தான். கயிறு அவன் கையோடு வந்துவிட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அது தாலிக்கயிறு இல்லை. மஞ்சள் தடவிய பந்தல் கயிற்றுத் துண்டு, வெள்ளைத்தாய் கொண்டையில் செருகி வைத்திருந்தது. தாலிக்கயிறு அவள் கழுத்தில் மூன்று முடிச்சோடு கெட்டியாக இருந்தது.

வெள்ளைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலம் அவரு அசந்து தூங்கும்போது அந்த அரையை அவுத்துட்டு, மிச்ச ரெண்டையும் நானே போட்டுக்கிட்டேன்."

"அதை ஏன் தாயி சொல்லலை?" என்றார் கருத்தப்பாண்டி.

"சொன்னா கையை எடுத்துருவாரே."

பெத்தணன் காது சிவந்துபோனது. மேளக்காரர்கள் சிரித்தார்கள். காந்திமதியம்மாள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மொக்கையன் கையைத் தூக்கினான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். முடிச்சு போடுறவன்தானே புருஷன்?"

"ஆமா" என்றான் சடையாண்டி.

"ரெண்டு முடிச்சு இந்தப் பொண்ணுல்ல போட்டிருக்கு?"

மேஸ்திரி கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடியிருந்தார். திறந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது.

"மூணு முடிச்சுக்கு முப்பது நாள். முடிச்சுக்குப் பத்து நாள். பெத்தணன் போட்டது ஒண்ணு, பொண்ணு போட்டது ரெண்டு. மாசத்துல பத்து நாள் இவன் புருஷன். இருபது நாள் அவ புருஷன்."

"நியாயம்தான்" என்றார் கருத்தப்பாண்டி. "முதல்ல யாரு?"

"பெரிய பங்குக்காரர் முதல்ல."

மறுநாள் விடியற்காலையில் வெள்ளைத்தாய் தலையில் துண்டைக் கட்டி, சவுக்குக் கம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு மேஸ்திரியோடு பந்தல் வேலைக்குக் கிளம்பினாள். பெத்தணன் வாசல் தெளித்துவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனான். அங்கே பெண்கள் கூட்டம். அவன் வெட்கத்தோடு ஓரமாக நின்றான். குழாயடியில் முதல் ஆளாக நின்ற காந்திமதியம்மாள் அவனையும் குடத்தையும் மேலும் கீழும் பார்த்தாள். என்னமோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஏன் அங்கயே நிக்கிறே? குடத்தை வச்சுட்டு வரிசைல வாடி தாயி" என்றாள்.